அல்ட்ரா புராசஸ்டு ஃபுட்: தமிழ்ல என்ன சொல்றது?

ஏற்காடு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழம பெத்தவங்க கூட்டம், நோட்டீஸ் நாளைக்கே பிரஸ்ஸுக்குப் போகணும். "பதப்படுத்தப்பட்ட உணவு"ன்னு போட்டா ஊறுகா, கருவாடு எல்லாம் அதுல விழுந்துருது. பிரேசில்ல மோன்டேரோ குழு, உணவ பதப்படுத்துற விதத்த வெச்சு நாலு பிரிவா வகுத்த நோவா முறையில அதெல்லாம் மூணாவது பிரிவு. நான் பேர் கேக்குறது நாலாவதுக்கு, அதான் அல்ட்ரா புராசஸ்டு: நம்ம அடுப்படியில இல்லாத எமல்சிஃபையர் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம வெக்கிறது), ஃப்ளேவர், பிரிச்செடுத்த புரோட்டீன்லாம் சேத்து ஃபேக்டரியில உண்டாக்குறது.

அம்மாபேட்டை ஐயா:
மீப்பதன உணவு. அல்ட்ராசவுண்ட் மீயொலி ஆச்சுல்ல, அந்த வழிதான். பதம்ங்கிற சொல்லுக்கு பக்குவம்னும் பொருள், உணவுன்னே பொருள் சங்கப் பாட்டுல இருக்கு, ஆக ரெண்டும் பொருந்துது. ப் மிகுமான்னு யாரும் கேக்க வேணாம், மீ-க்குப் பின்னால வல்லினம் மிகலாம், மிகாமலும் வரலாம்னு நன்னூலே விட்டிருக்கு.

ஆத்தூர்:
ஐயா, பதனிடுறதுன்னா சனங்களுக்கு தோல்தானுங்க ஞாபகம் வரும். பாக்கெட் தீனின்னு போடுங்க, ஆயாவுக்கும் புரியும்.

ஏற்காடு டீச்சர்:
பாலும் பருப்பும் கூட பாக்கெட்லதானே வருது? "ஆலை உணவு"ன்னா சரியா வருமா?

ஆத்தூர்:
வேண்டவே வேண்டாம் டீச்சர். எங்க ஊர்ல சேகோ ஆலைய நம்பி எத்தன குடும்பம்! மரவள்ளிக் கெழங்க தோல் சீவி அரைச்சு, மாவுப்பால தெளிய வெச்சு, உருட்டி வறுத்துக் காயவெச்சா ஜவ்வரிசி, அதுவும் ஆலையிலதான் ஆகுது. அதே ஸ்டார்ச்ச கெமிக்கல் போட்டு மாத்தி, ஃப்ளேவரோட சேத்து இன்ஸ்டன்ட் சூப்புல போடறப்பதான் நாலாவது பிரிவுக்குப் போவுது. ரெண்டையும் ஒரே பேர்ல கட்டுனா அடி வாங்கப்போறது சின்ன மில்லுக்காரன்.

அஸ்தம்பட்டி:
ஆத்தூர் சொல்றதுதான் முக்கியம். சிலியில 2016ல கறுப்பு எண்கோண முத்திரை கொண்டாந்தப்ப அல்ட்ரா புராசஸ்டுங்கிற பேரையே சட்டத்துல சேக்கல, சர்க்கரை, சோடியம், கொழுப்பு, கலோரி அளவு தாண்டுனா முத்திரை, முத்திரை விழுந்தா பள்ளிக்கூடத்துல விக்கக் கூடாது, அவ்வளவுதான். கொலம்பியா பேர வெச்சே வரி போட்டுச்சு, 2023ல 10 சதவீதம், 2025ல 20. நம்ம 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் மொதல்ல தெளிவான வரையறை வேணும்னுதான் கேட்டுச்சு. வரையறை ஓட்டையா இருந்தா பெரிய கம்பெனி வக்கீல் வெச்சு நழுவிடுவான், அப்பளம் போடுற அக்கா மாட்டிக்குவாங்க. அதனால "மிகைப் பதன உணவு"ன்னு யாராச்சும் சொன்னா அந்த "மிகை"யும் வேணாம், நெறைய தடவ பதப்படுத்துறதுதான் குத்தம்னு ஆயிடும். என்ன சேக்குறாங்கங்கறதுதான் கேள்வி.

அம்மாபேட்டை ஐயா:
அப்ப மீயும் அதே குத்தந்தானே? ஆனா இங்கிலீஷ் மூலச் சொல்லே "அல்ட்ரா"ன்னு அப்படித்தாங்க இருக்கு, நாம அதத் திருத்த முடியாது.

ஏற்காடு டீச்சர்:
நேரமில்லைங்க. மீப்பதன உணவுன்னு போட்டு, கீழயே ரெண்டு வரி விளக்கமும், லேபிள்ல என்னென்ன பேரப் பாக்கணும்னும் எழுதிடறேன். நாலு பேரு சரின்னுட்டாங்க.

ஆத்தூர்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பலைங்க டீச்சர். போடுங்க. ஆனா நோட்டீஸ்ல எமல்சிஃபையருக்கு "பால்மமாக்கி"ன்னு இருக்கு, பால்ல செஞ்சது, நல்லதுன்னு நெனச்சுக்குவாங்க, பிரஸ்ஸுக்குக் குடுக்கறதுக்குள்ள அத மாத்திடுங்க.