பிளஸ் டூ முடிச்ச தங்கச்சிக்கு பாலக்காடு மாவட்டம் சித்தூர் அரசுக் கல்லூரியா, கோயம்புத்தூரா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தங்கச்சி கேரள அரசுப் பள்ளியில தமிழ் மீடியம், காமர்ஸ். நாங்க எஸ்.சி., கூலி வருமானம்தான். கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கல்லூரியில பி.காம். சேத்தா தமிழ்நாட்டு அரசோட புதுமைப்பெண் திட்டப் பணம் மாசம் 1000, முதல் பட்டதாரி சலுகை ரெண்டும் கிடைக்கும்னு ஏஜெண்ட் சொல்றாரு. அட்வான்ஸ் கட்டலாமுங்களா?

தென்னந்தோப்பு:
கட்டாதீங்க. புதுமைப்பெண், 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ்வழியிலோ படிச்சவங்களுக்கு. கேரளப் பள்ளி கணக்குல வராது. முதல் பட்டதாரி சலுகை, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு கவுன்சிலிங்ல சேர்றவங்களுக்கு. பி.காமுக்கு எங்க இருந்து வரும்? போதாததுக்கு, கேரள ஜாதி சர்டிபிகேட் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, ஓப்பன்லதான் போகணும்.

அதே சர்டிபிகேட்டுக்கு கேரளாவுல இ-கிராண்ட்ஸ்னு அரசு ஸ்காலர்ஷிப் இருக்கு. ஃபீஸ் அரசு கட்டும், ஸ்டைபண்டும் உண்டு. ஆனா மெரிட், ரிசர்வேஷன் சீட்டுக்குத்தான், மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இல்ல. ஸ்டைபண்ட் தாமதமா வரும், அத நம்பி பஸ் காசுக்குக் கணக்குப் போடாதீங்க.

மீன்கரை:
சித்தூர்னா காலிகட் யுனிவர்சிட்டி சிங்கிள் விண்டோவுல, அதாவது எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான ஆன்லைன் அட்மிஷன்ல, பதியணும். ரெண்டு இடத்துல பசங்க வழுக்குறாங்க.

ஒண்ணு, அலாட்மெண்ட் வந்ததும் சீட்ட உறுதி பண்ணக் கட்டுற மேண்டேட்டரி ஃபீ. எஸ்.சி.க்குத் தொகை குறைவு, ஆனா கெடுவுக்குள்ள கட்டலேன்னா சீட் போயிரும். ரெண்டாவது, ஹையர் ஆப்ஷன், அதாவது விருப்ப லிஸ்ட்ல இப்பக் கிடைச்சதுக்கு மேல போட்டு வச்ச கல்லூரிங்க. இப்பக் கிடைச்சது போதும்னா மேல இருக்கிற ஆப்ஷனையெல்லாம் கேன்சல் பண்ணிருங்க. விட்டா அடுத்த அலாட்மெண்ட்ல தானா அங்க மாத்திரும், பழைய சீட் திரும்ப வராது. அதனால பஸ் வசதியில்லாத கல்லூரிய மேல போட்டே வைக்காதீங்க.

இப்பவே அக்ஷயா இ-சேவை மையத்துல வருமானச் சர்டிபிகேட்டுக்குக் குடுங்க. ஜாதிச் சர்டிபிகேட் தாசில்தார் தரணும், நாளாகும். முக்கியமா பேரு: எஸ்.எஸ்.எல்.சி. புக்குல "கவிதா எம்", ஆதார்ல "கவிதா மாரியப்பன்"னு இருந்தா ஸ்காலர்ஷிப் அங்கதான் சிக்கும். நம்ம ஆளுங்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை நிறைய. ஆதார எஸ்.எஸ்.எல்.சி. புக்குப்படி திருத்துங்க. பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட சேந்திருக்கான்னு பேங்க்லயே கேளுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றிங்க. ஏஜெண்ட் டி.சி., மார்க் லிஸ்ட் ஒரிஜினல் கேக்கறாரே?

தென்னந்தோப்பு:
ஜெராக்ஸ் கூட வேண்டாம். டி.சி. அங்க மாட்டிக்கிச்சுன்னா சித்தூர்ல அலாட்மெண்ட் வந்தும் சேர முடியாது. ஒரிஜினல கல்லூரி வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லிருச்சு. ஏஜெண்ட்கிட்ட அந்தச் சட்டமெல்லாம் பேச முடியாது.

கோயம்புத்தூர்தான் வேணும்னா எய்டெட், அதாவது அரசு உதவிபெறும் சீட்டான்னு கேளுங்க. ஒரே கல்லூரி, ஒரே பி.காம்., ஆனா எய்டெட்ல ஒரு ஃபீஸ், செல்ஃப் ஃபைனான்ஸ்ல பல மடங்கு. கேட்டாத்தான் சொல்லுவாங்க.