மீகடத்தியைத் தொட்ட செம்பு: ‘அண்மை விளைவு’ சரியான சொல்லா?

ஐயா, வணக்கம்.

மீகடத்தி, அதாவது மிகுந்த குளிரில் மின்தடையே இல்லாமற் போகும் பொருள், செம்பைத் தொட்டால் செம்புக்குள்ளும் அத்தன்மை சிறிது தூரம் பரவுகிறது. ஆங்கிலத்தில் proximity effect எனப்படும் இதற்கு ‘அண்மை விளைவு’ வேண்டாம் என்பதே என் கருத்து. ஆடலோட்டம் பாயும் இரு கம்பிகள் பக்கத்தில் கிடந்தால் ஓட்டம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதே, அதற்கும் இதே பெயர்தான்.

இன்னும் பெரிய குறை, இங்கே காரணம் அண்மையல்ல, தொடுகை. 1932இல் ஹோமும் மைஸ்னரும் ஆராய்ந்ததே, மீகடத்தியும் சாதாரண உலோகமும் தொடும் இடத்துத் தடையைத்தான். 9.2 கெல்வினுக்குக் கீழே மீகடத்தியாகும் நையோபியத்தின்மேல் செம்பைப் படியவைத்தால், மீகடத்தலைத் தரும் இலத்திரன் இணைகளான கூப்பர் சோடிகள் செம்புக்குள் புகுகின்றன. செம்பு படியுமுன் நையோபியத்தில் காற்றுப் பட்டால் சில நனோமீற்றர் ஒட்சைட்டுப் படை வந்துவிடும். அண்மை அப்படியே இருக்கும், விளைவோ பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் வெற்றிடத்தைக் கலைக்காமல் இரண்டையும் அடுத்தடுத்துப் படியவைக்கிறார்கள்; கலைந்துவிட்டால் ஆகன் அயன்களால் மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே செம்பு.

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு நிலாவெளி மணலைச் சொன்னால் விளங்கும். கடலோரம் உவர் ஊறும், உள்ளே போகப்போகக் குறையும். நடுவே களிப்படை கிடந்தால் கடல் எவ்வளவு கிட்ட இருந்தாலும் ஊறாது.

என் பரிந்துரை: தொடுகை மீகடத்தல்.

*

தம்பி, ‘தொடுகை’யை ஏற்கிறேன். ‘மீகடத்தல்’ இடிக்கிறது. செம்பு பெறுவதை நையோபியம் இழக்கிறது; நையோபியப் படலம் மெல்லியதானால் அதன் அவதி வெப்பநிலை (மீகடத்தியாக மாறும் வெப்பநிலை) இறங்கும். இந்த மறுபக்கத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே? ‘மீகடத்தித் தொடுகை விளைவு’, ‘எதிர்த் தொடுகை விளைவு’ என்று வைத்தால் இரண்டும் ஒரே வேரில் நிற்கும்.

சோடிகள் புகும் தூரத்துக்கு உங்கள் உவரிலிருந்தே ‘ஊறுநீளம்’ எடுக்கலாம். பரவல் குணகம் (இலத்திரன்கள் பரவும் விரைவின் அளவு) செக்கனுக்கு 0.01 சதுர மீற்றர் உள்ள செம்புப் படலத்தில் அது 1 கெல்வினில் ஏறத்தாழ 110 நனோமீற்றர், 0.1 கெல்வினில் 350. பத்து மடங்கு குளிர்வித்தும் மூன்று மடங்குதான் நீள்கிறது, ஏனென்றால் இலத்திரன் முட்டிமோதி அலைகிறது. ஊறல் என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும். மோதலே இல்லாத தூய செம்பில் 1 கெல்வினில் 1.9 மைக்ரோமீற்றர் வரும். அங்கே அது ஊறலல்ல, மோதாமல் நேரே ஓடுவது. ஆனாலும் ஒரே சொல்லே போதும்.

காந்தச் சுருளுக்கான நையோபியம்-தைத்தேனியக் கம்பியில் மீகடத்தி இழைகளுக்கிடையே உள்ள செம்பு 1 மைக்ரோமீற்றரிலும் குறுகினால் இழைகள் ஒன்றோடொன்று இணைந்து, வேண்டாத காந்தமாக்கம் கூடும். செம்பில் 0.5 சதவீதம் மங்கனீசு சேர்த்தால் தீரும். இதை ‘ஊறல் தடுப்பு’ என்று எழுதாதீர்கள். மங்கனீசு களிப்படைபோல வாசலில் மறிப்பதில்லை. புகுந்த சோடியை மங்கனீசு அணுவின் காந்தத் திருப்பம் (அணு ஒரு சிறு காந்தமாக இருக்கும் தன்மை) உள்ளேயே பிரிக்கிறது. ‘சோடி முறிப்பு’ என்றே இருக்கட்டும்.