புதுப்பிப்பு: செம்பு நிறமான தேயிலை இலைகள்

ஹட்டன் பக்கம் எங்கள் சிறு தேயிலைக் காணியில் பாதையோரச் செடிகளின் முற்றிய இலைகள் செம்பு நிறமாகின்றன, உரக் குறைவா என்று முன்பு கேட்டிருந்தேன். உரம் அல்ல. உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் இலையின் மேற்புறத்தில் சிவந்த புள்ளிகள் நகர்கின்றன. இடையிடையே அவை உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள். இது சிவப்புச் சிலந்திச் சிற்றுண்ணி.

எட்டுக் கால் உயிர் இது, பூச்சி இனமே அல்ல. அதனால் பல பூச்சிநாசினிகளுக்கு அசைந்துகொடுக்காது. ஆனால் இதைத் தின்னும் பொறிவண்டுகள் அவற்றால் செத்துப்போகும். “எதையாவது அடித்துவிடு தம்பி” என்று எழுதிய அண்ணன் கோபிக்க வேண்டாம்.

ஏன் பாதையோரம் மட்டும்? வறட்சியில் பஸ் கிளப்பும் புழுதி இலைகளில் படிகிறது, அங்கே நிழல் மரமும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம்தான். இலையின் கீழ்ப்புறம் காம்பருகே பழுப்பேறினால் அது ஸ்கார்லெட் சிற்றுண்ணி என்ற வேறொரு வகையாக இருக்கலாம். அடிப்புறத்தையும் புரட்டிப் பாருங்கள்.

கந்தகம் தெளிக்கலாம் என்றார்கள். கொழுந்தில் வாடை ஏறக்கூடும் என்பதால், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரையைக் கேட்ட பிறகே மருந்தில் கைவைப்பேன். நல்ல மழை இறங்கினால் பாதியை அதுவே கழுவிவிடும். நிழலுக்காகப் பாதையோரம் நட முள்முருங்கைக் கம்பு வெட்டி வைத்தாயிற்று.