தாளைக் கிழித்து ஒட்டும் ஜப்பானியச் சிகிரி-எ ஓவியத்துக்கு, ஜப்பானின் பாரம்பரிய வாஷி தாள் கட்டாயமா?

நார்க்காரி:
காகிதத்தைக் கிழித்து ஒட்டினால் எல்லாம் சிகிரி-எ ஆகிவிடாது. கையால் செய்த வாஷி வேண்டும். அதன் கோஸோ (காகித மல்பெரி) பட்டை நார் சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். மரக்கூழ் நார் 1 முதல் 3 தான். வாஷியில் தூரிகையால் தண்ணீர்க் கோடு போட்டு, ஊறியதும் இருபக்கமும் மெல்ல இழுத்தால் நார் அறுபடாமல் உருவி வரும். ஓரமெல்லாம் பூனைமுடி. நீர்த்த பசையில் ஒட்டினால் அது பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். நோட்டுத்தாளைக் கிழித்தால் மொட்டை விளிம்புதான்.

கத்தரிக்கோல்:
அப்போ கிழிதாள் படங்களால் பெயர்பெற்ற ஜப்பானியக் கலைஞர் யமாஷிதா கியோஷியை என்ன செய்வது? ஊர் ஊராகத் திரிந்தவர். பார்த்ததை நினைவில் வைத்துத் திரும்பி வந்து ஒட்டுவார். பெரும்பாலும் சாதாரண வண்ணத்தாள். 1950இல் செய்த நாகாஓகா நகர வாணவேடிக்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளிக்கோடுகளுக்குத் தாளை நூலாகத் திரித்திருக்கிறார். கீழே ஆற்றங்கரையில் கூட்டம், எல்லாம் பொடிப்பொடித் துணுக்குகள். வாஷி இல்லையென்று இதைத் தள்ளிவிடுவீர்களா?

நார்க்காரி:
பெரிய கலைஞர், யார் மறுத்தது? ஆனால் அது மொசைக் வேலை, துணுக்குகள் தனித்தனியாக நிற்கும். நான் சொல்வது ஒரு தாள் இன்னொன்றில் கரைவதை. ஜப்பானின் கோச்சிப் பகுதியின் தெங்குஜோ என்ற மெல்லிய வாஷியின் தடிமன் 0.03 மில்லிமீட்டர்தான். இளஞ்சிவப்பின் மேல் இன்னொரு இளஞ்சிவப்பை வைத்தால் அடிநிறம் தெரியும், பூவிதழின் மடிப்பு தானாக விழும்.

பழையஓலை:
கியோட்டோ நிஷி ஹொங்கான்ஜி கோயிலின் முப்பத்தாறு கவிஞர் தொகுப்பை மறந்துவிட்டீர்களே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வண்ணத்தாள்களைக் கிழித்து இணைத்து, அதன் மேல் கவிதை எழுதினார்கள். கிழிசல் ஓரத்தின் அழகை அன்றைக்கே கண்டுகொண்டார்கள். என் ஓட்டு நாருக்கு.

கத்தரிக்கோல்:
அன்றைக்கு அங்கே மரக்கூழ்த் தாள் ஏது? இருந்ததைக் கிழித்தார்கள். யமாஷிதாவும் அப்படித்தான். அதை எப்படி விதியாக்குவது? இப்போது கடையில் கிட் விற்கிறார்கள்: சாயமேற்றிய வாஷி, கோடு போட்ட அட்டை, பசை. நார் அசல்தான், படம் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி.

நார்க்காரி:
கிட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் மூடுபனியில் பாதி மறைந்த மலையை நோட்டுத்தாளில் செய்து இங்கே போடுங்கள், பார்க்கலாம். பென்சில், சாயம் எதுவும் தொடக்கூடாது.

கத்தரிக்கோல்:
சரி. நீங்கள் தெங்குஜோவில் ஒரு வாணவேடிக்கை போடுங்கள். இருட்டு வானம், கூர்மையான ஒளிக்கோடு, கரையக்கூடாது.

பழையஓலை:
இரண்டுக்கும் காத்திருக்கிறேன். பசை காய்ந்த பிறகு போட்டோ எடுங்கள், ஈரத்தில் நிறம் ஏமாற்றும்.