டைட்டேனியா நானோகுழாய்: முதல் சுற்றில் போகும் லித்தியம் எங்கே?

கேள்வி: கிளமெண்டி மாணவி

வணக்கம். லித்தியம் மின்கலத்தின் மின்வாய்க்காக, டைட்டேனியம் டை ஆக்சைடு (டைட்டேனியா) பொடியை 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) 130 டிகிரியில் சூடாக்கி, அமிலத்தால் கழுவி நானோகுழாய்கள் தயாரிக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழாய்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும் காயின் செல்லில் (நாணய வடிவச் சோதனை மின்கலத்தில்), முதல் மின்னேற்ற-இறக்கச் சுற்றில் உட்புகும் லித்தியத்தில் கணிசமான பகுதி திரும்பி வருவதில்லை; 1.75 வோல்ட் அருகே வரவேண்டிய சமதளமும் (மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் பகுதியும்) இல்லை. எங்கிருந்து சோதிக்கத் தொடங்கலாம்?

பதில்: ஜூரோங் ஆய்வர்

1998இல் கசுகா குழுவினர் வெளியிட்ட முறையே இது. கழுவி உலர்த்தியதும் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் டைட்டனேட். அது அனடேஸ் (டைட்டேனியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) ஆகாத வரை அந்தச் சமதளத்தை எதிர்பார்க்க இயலாது. 400 டிகிரிக்குச் சூடாக்கி, எக்ஸ்ரே விளிம்பு விளைவில் 25.3 டிகிரி அருகே அனடேஸின் முதன்மை முகடு எழுகிறதா என்று பாருங்கள். 600 டிகிரியை நெருங்கினால் குழாய் வடிவமே குலையும். டைட்டேனியம் டை ஆக்சைடின் 'பி' எனப்படும் மற்றொரு படிக வடிவம் உருவாகியிருந்தால் மின்னழுத்தக் கோடு சரிவாகத்தான் இறங்கும். அதை வைத்து மட்டும் பொருள் மோசம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கழுவியபின் சோடியம் மிஞ்சியுள்ளதா என்பதையும் தனிமப் பகுப்பாய்வில் உறுதிசெய்யுங்கள்.

பதில்: புவோனா விஸ்தா

என் ஐயம் முதலில் நீரின் மேல்தான். இந்தக் குழாய்களின் பரப்பளவு மிக அதிகம். பரப்பில் ஒட்டிய நீரும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் முதல் சுற்றில் லித்தியத்தோடு வினைபுரிந்து அதை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதத்தில், அடுப்பிலிருந்து எடுத்த மின்வாய் மேசைமேல் இருக்கும் நேரத்திலேயே நீரை இழுத்துவிடும். பூசிய மின்வாயை 110 டிகிரி வெற்றிட அடுப்பில் இரவு முழுவதும் வைத்து, வெளிக்காற்றுப் படாமல் கிளவ் பாக்ஸுக்குள் (ஈரமற்ற வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள்) கொண்டுசெல்லுங்கள். மின்னழுத்தத்தை 1 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் மின்பகுளி (மின்வாய்களுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதைந்து இழப்பைக் கூட்டும், காரணத்தைப் பிரித்தறியவும் முடியாது. அதே நாளில், அதே மின்பகுளியில், கடையில் வாங்கிய அனடேஸ் பொடியிலும் ஒரு செல் செய்துவையுங்கள். இரண்டையும் ஒப்பிடாமல் குழாயைக் குறைகூறுவது நியாயமன்று.

பதில்: ஜூரோங் ஆய்வர்

உலர்த்துதல் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். 2014இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, இதே வினையைக் கலக்கிக்கொண்டே நடத்தி, நீண்ட குழாய்கள் பின்னிய கூழைப் பெற்றது. அதற்கு, மின்வாய்ப் பொடியைப் பிணைக்கும் ஒட்டுப்பொருளே தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் 70 விழுக்காடு மின்னேற்றம் ஆனதாக அக்குழு அறிவித்தது. உங்கள் மின்வாயில் ஒட்டுப்பொருளும் கார்பனும் எவ்வளவு சேர்த்துள்ளீர்கள் என்று எழுதுங்கள். கார்பனிலும் சிறிது லித்தியம் போகும்.