அப்பத்தா சிரித்த கேசட்

பள்ளத்தூரிலிருந்து:

ரேடியோவில் கேட்டு வளர்ந்த குரலை நேரில் சந்தித்தவர்கள் எழுதச் சொன்னீர்கள். என் பங்கு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் எங்கள் பெரியப்பாவுக்குச் சாந்தி, வயது நிறைவுக்கு நடத்தும் கல்யாணம். பந்தி முடிந்து பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அந்தக் கவுனி அரிசி இன்னும் ஒரு கரண்டி விழுந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். யார்கிட்டப் போய்க் கேக்குறது?" திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை!

எண்பதுகளின் தொடக்கத்தில், ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய காலத்தில், வானொலியில் ஒரு முதலாளியும் கணக்கப்பிள்ளையும் வந்து கால் மணி நேரம் பேசுவார்கள். கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. முதலாளி கேள்வி கேட்பார், கணக்கப்பிள்ளை பணிவாகப் பதில் சொல்வார். அந்தப் பணிவுதான் சிரிப்பே. அந்த முதலாளியும் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடா மடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதல் அதிர்ச்சி, முதலாளியாகப் பேசியவர் பள்ளிக்கூட வாத்தியார், மாதச் சம்பளக்காரர். கணக்கப்பிள்ளையாகக் கூனிக் குறுகிப் பேசியவருக்குச் சொந்த ஜவுளிக்கடை, கடையில் மூன்று பேர் வேலை. இன்றைக்கும் கடைக்காரர்தான் வாத்தியாரை "முதலாளி" என்கிறார். அவர் இவரை "என்ன கணக்கு" என்கிறார்.

பேச்சு ஸ்டூடியோ பக்கம் போனது. நடுவில் ஒரே மைக், இரண்டு பக்கமும் ஒலி வாங்குகிற ரிப்பன் மைக். ஆளுக்கொரு பக்கம் எதிரெதிரே நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று ஒருவர் சட்டைப் பையை மற்றவர் பார்த்துக்கொண்டே பேசுவார்களாம். "முதலாளி பையில சிவப்பு மை கசிஞ்ச கறை ஒண்ணு இருக்கும். எத்தனை வருஷம் அந்தக் கறையைப் பாத்துப் பேசியிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

வாத்தியாருக்கு இருந்த குறை வேறு. மேடை நாடகம் என்றால் சொன்ன மறுநொடி தெரிந்துவிடும். ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். நேயர் கடிதம் பத்து நாள் கழித்து வரும், "மிகவும் ரசித்தோம்" என்று. எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று அதில் இருக்காது. "விவசாய நிகழ்ச்சிக்காரங்களுக்காவது வயல்ல பதில் முளைச்சுது. ஏடிடி 27-க்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ரேடியோ நெல்லுன்னே பேரு. நமக்கு என்ன முளைச்சுது?" என்றார்.

அவர்கள் பேசியது ஒன்றுகூட நிலையத்தில் இல்லை. எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். ஸ்பூல் டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். அந்தக் காலத்து நடைமுறை அதுதான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த டேப்ரிக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்து நான் ஒருநாள் பதிவு செய்திருந்தேன். கேசட் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்க வேண்டும். தேடி எடுத்துப் போட்டால், பெல்ட் தொய்ந்துபோய் இரண்டு பேரும் எமதர்மனும் சித்திரகுப்தனும் மாதிரிப் பேசினார்கள். ரிப்பேர் செய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

புதுவயலிலிருந்து:

கணக்கப்பிள்ளையை நானும் பார்த்திருக்கிறேன்! காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கூட்டமான டவுன் பஸ். "ஒரு புதுவயல் குடுங்க" என்று கண்டக்டரிடம் ஒரு குரல். முன்னால் இருந்த நாலைந்து பேர் சேர்ந்தாற்போலத் திரும்பினார்கள். மனிதர் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். கண்டக்டர் காசு வாங்கினாரா என்பது ஞாபகம் இல்லை.

மதுரை நிலையம் 1987-ல்தான் வந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் முள்ளைத் திருப்பினால் திருச்சி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் இலங்கை. எங்கள் ஐயா கொழும்பு செட்டியார் தெருக் கிட்டங்கியில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் இலங்கை வானொலிக்குத்தான் முதல் மரியாதை. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற சிரிப்பு நாடகம் வந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். ஆளுக்கு ஒரு தமிழ். ஒருவர் முஸ்லிம் பேச்சு, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் சிங்களவர் பேசுகிற தமிழ். முகமே தேவையில்லை, வாயைத் திறந்ததும் ஆள் தெரிந்துவிடும். 1976-ல் படமாகவும் எடுத்தார்கள். உங்கள் முதலாளி கணக்கப்பிள்ளையும் அதே கணக்குத்தான். அதட்டும் தமிழ் ஒன்று, குழையும் தமிழ் ஒன்று. குரல் ஒன்றுபோல இருந்தால் ரேடியோ ஜோடி எடுபடாது என்பது என் கட்சி.

தேவகோட்டையிலிருந்து:

அவர்களோடு சிறுமி வேடத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், எட்டு வயதில். என் வசனம் மொத்தமே "அப்பா, தபால்!" தாள் சரசரக்கும் என்று பின் குத்த விடமாட்டார்கள். படித்து முடித்த தாளைக் கீழே நழுவவிட வேண்டும். கணக்கப்பிள்ளை மாமா பாதியில் தவறான தாளை நழுவவிட்டுவிட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் மனசிலிருந்தே பேசி முடித்தார். சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் உட்கார்ந்தார். முதலாளி மாமா அதை இன்றுவரை நம்பவில்லை, நீயே எழுதி மாற்றிக்கொண்டாய் என்பாராம்.

சரி, கேசட் என்ன ஆயிற்று?

மறுபடியும் பள்ளத்தூரிலிருந்து:

பெல்ட் மாற்றி, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன். வெள்ளைப் பணியாரமும் காப்பியும் ஆறிக்கொண்டிருந்தன, யாரும் தொடவில்லை.

ரேடியோ முன்னால் வைத்துப் பதிந்தது அல்லவா, வீடே உள்ளே இருக்கிறது. சுவர்க் கடிகாரம், முற்றத்தில் அண்டா வைக்கும் சத்தம், "ஏ, கதவைச் சாத்து" என்று யாரோ. நடுவில் முதலாளி ஐந்தொகை, அதாவது கடையின் வரவு செலவு முடிக்கும் கணக்கு, கேட்கிறார்.

"ஐந்தொகை பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க. ஒத்தக் காசு உதைக்கலை."

"பொட்டியில எவ்வளவு இருக்கு?"

கொஞ்சம் இடைவெளி. அப்புறம் பணிவாக, "அதாங்க உதைக்குது."

அந்த இடத்தில் என் அப்பத்தா சிரித்தார். ஐயா கடையின் ஐந்தொகையை வருஷா வருஷம் பார்த்தவர். "ஆத்தாடி" என்று தொடங்கி மூச்சு வாங்கச் சிரித்த சிரிப்பில் முதலாளியின் அடுத்த வசனம் முழுதாக அமுங்கிப்போயிற்று. அப்பத்தா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேசட்டில் அவர் இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

இரண்டு பேரும் பேசவில்லை. வாத்தியார் கையைக் காட்டினார், திருப்பிப் போட்டேன். இன்னொரு தடவை காட்டினார். மூன்றாவது தடவை முடிந்ததும் கடைக்காரர் சொன்னார்:

"முதலாளி, அவங்க இன்னும் சிரிச்சு முடிக்கலை. அதுக்குள்ள நீங்க அடுத்த வரியை எடுத்துட்டீங்க."

"எனக்கு எங்கேய்யா கேட்டுச்சு?" என்றார் வாத்தியார்.