மல்லாந்து படுத்து எழுதிய பல்லிக் கதை

2017 ஐப்பசி மழையில் ஒட்டன்சத்திரம் தாண்டி என் பைக் சறுக்கியது. இடது தொடை எலும்பு முறிந்தது, இடுப்பெலும்பிலும் விரிசல். பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் மூன்று மாதம் மல்லாந்த படுக்கைதான். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெட்பேனுக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

அக்கா மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் “மாமா, நாள் பூரா என்னத்தப் பாக்குற?” என்று கேட்டாள். மேலே காட்டினேன். ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. “அது எங்க போகுது?” ஃபேன் கொக்கியில் அதற்கு ஒரு தபால் வந்திருக்கிறது, எடுக்கப் போகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். “தபால்ல என்ன இருந்துச்சு?” எனக்கே தெரியாது! அன்று ராத்திரிதான், அடிபட்டதிலிருந்து முதல்முறையாக, காலை மறந்து வேறொன்றை யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

எழுதிவைக்கலாம் என்று பார்த்தால், நோட்டை முகத்துக்கு மேலே பிடித்து எழுதும்போது பால்பாயின்ட் பேனா நாலு வரியில் நின்றுவிடுகிறது. மை முனைக்கு வராமல் பின்னால் இறங்கிவிடும். அவள் தன் டப்பாவிலிருந்து பென்சில் எடுத்துக் கொடுத்தாள். கை கடுக்கும், அரைப் பக்கத்துக்கு மேல் ஓடாது. துண்டுத் தாள்களில் நான் கிறுக்கியதை அவள் நாலுவரி நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதினாள்.

அந்த நாட்களில் நண்பன் ஒருவன் நூலகத்திலிருந்து ‘பிளாக் பியூட்டி’ கொண்டுவந்து கொடுத்தான். ஒரு குதிரை தன் கதையைத் தானே சொல்லும் நாவல். வண்டிக் குதிரைகளின் தலையை நிமிர்த்தியே வைக்க இறுக்கிக் கட்டும் கடிவாளம் வரும் இடத்தில் புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்துவிட்டேன். அசைய முடியாத வேதனை எனக்குப் புதிதா என்ன?

எழுதிய அன்னா சூவெல் 14 வயதில் பள்ளியிலிருந்து திரும்பும்போது வழுக்கி விழுந்து இரண்டு கணுக்கால்களிலும் அடிபட்டவர். பிறகு சரியாக நடக்கவே முடியவில்லை. எங்கே போனாலும் குதிரைவண்டிதான், குதிரைகள்மேல் அவ்வளவு பிரியம் வளர்ந்ததும் அப்படித்தான். 1871இல் தொடங்கிய கதையை, சோபாவில் படுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியும் சின்னச் சின்னத் தாள்களில் எழுதியும் முடித்திருக்கிறார். நன்றாகப் படியெடுத்துத் தந்தவர் அவருடைய அம்மா. 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். குதிரைகளோடு வேலை செய்பவர்களை நினைத்து எழுதியதை உலகம் முழுக்கக் குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். துண்டுத் தாள்கள், படியெடுக்க ஒரு ஆள்... இதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

தை மாதம் வாக்கர் பிடித்து நின்றேன். பிசியோதெரபி செய்ய வந்தவர் நாலு எட்டு வைக்கச் சொன்னார். வைப்பதற்குள் பனியன் நனைந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். “மாமா, பல்லி ஒரே நாள்ல கொக்கிக்குப் போயிருச்சுன்னு எழுதிட்டோம். அது தப்பு. தினம் நாலு எட்டுதான் போகும்” என்று சொல்லி, அந்தப் பக்கத்தை ரப்பரால் அழிக்க ஆரம்பித்தாள்.